நான்கு கட்டை கீழே

ஜூலை 6, சனி

இரண்டாம் ஆண்டின் முதல் வகுப்பு. வாசலில் அதே காவலாளி, அதே கேள்வி. "யாரைக் கூட்டிட்டுப் போக வந்தீங்கம்மா?" போன வருடம் முழுக்கச் சனிக்கிழமை தவறாமல் அவன் கண்ணெதிரில் நடந்து போனவள் நான். அடையாள அட்டையை அவன் மூக்குக்கு நேராக நீட்டி, "மாணவி" என்று அச்சிட்டிருக்கும் இடத்தில் விரலை வைத்தேன். எழுத்துக் கூட்டிப் படித்தான். "அட!" என்றான். போன வருடமும் இதே "அட!" தான்.

இசைக் கல்வியியலில் முதுகலை. பள்ளிகளில் வேலை பார்க்கும் ஆசிரியர்களுக்கு மட்டுமான படிப்பு. சனிக்கிழமை காலை ஒன்பதிலிருந்து மாலை நாலரை வரை. இருபத்திரண்டு பேர். என்னை அடுத்து மூத்தவருக்கு நாற்பத்தேழு வயது. எனக்கு அறுபத்தெட்டு.

வரும் கல்வியாண்டிலிருந்து இந்தப் பட்டம் இல்லாதவர்கள் பாட்டு வகுப்பு எடுக்கக் கூடாது என்று எங்கள் பள்ளி நிர்வாகம் போன வருடமே தீர்மானம் போட்டுவிட்டது. "உங்களுக்காக இல்ல டீச்சர், இது பொதுவான விதி" என்றார் தலைமையாசிரியை. அந்தப் பொது விதிக்குள் அடங்கும் ஆசிரியை அந்தப் பள்ளியில் நான் ஒருத்திதான். நாற்பது வருடம் ஆயிற்று, கிழவி ஒரு பூங்கொத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவாள் என்று கணக்குப் போட்டிருப்பார்கள். மறுநாளே விண்ணப்பம் வாங்கினேன்.

கைப்பிடிப் பலகை வைத்த நாற்காலிகளைச் செய்தவன் எவனோ, அவன் முதுகெலும்பு உள்ள யாரையும் பார்த்ததில்லை.

ஜூலை 7, ஞாயிறு

நாத்தனார் காலையிலேயே ஆரம்பித்துவிட்டாள். இவரின் தங்கை. மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவள். இவர் காலமான பிறகு, இந்த ஆறு வருடமாக இந்த வீட்டில் நாங்கள் இருவர்தான்.

"ஏன் அண்ணி, படிச்சு முடிச்சு மந்திரியாகப் போறீங்களா?"

"ஆயிட்டா, முதல் வேலையா உன் டிவியைத் தடை பண்ணுவேன்."

"அதுக்குப் பட்டம் எதுக்கு? இப்பவே அதானே பண்றீங்க."

ஜூலை 20, சனி

முதல் வேலை கொடுத்துவிட்டார்கள். அவரவர் பாட்டு வகுப்பை நாற்பது நிமிடம் படம் பிடித்து வர வேண்டும். கொடுத்தவர் எங்கள் விரிவுரையாளர். கழுத்துவரைகூட வராத தலைமுடி; நான் மனதுக்குள் வைத்திருக்கும் பெயர் குட்டைமுடி. கெட்டிக்காரி. ஆனால் கரும்பலகையில் எழுதும்போது வரி மேலே ஏறிக்கொண்டே போகிறது.

"உங்க வகுப்பை நீங்களே வெளியாள் மாதிரி பாக்கணும். அவ்வளவுதான்" என்றார்.

நாற்பது வருடம் உள்ளே நின்று பார்த்தது போதாதாக்கும்.

ஜூலை 31, புதன்

படம் பிடித்தாயிற்று. பிள்ளைகள் பதுமைபோல் நின்றார்கள். திருப்தி.

ஆகஸ்ட் 3, சனி

இன்று என் வகுப்பைத் திரையில் போட்டார்கள். முதல் அடி: நாற்பது நிமிடத்தில் நான் பேசியது இருபத்துமூன்று நிமிடம், பிள்ளைகள் பாடியது ஒன்பது. மீதி எட்டு, வரிசையைச் சரிசெய்ய. எண்களோடு சண்டை போட முடியாது, குறித்துக்கொண்டேன்.

பிறகு குட்டைமுடி படத்தை நிறுத்தினார். "அந்த பென்சில் எதுக்கு மேடம்?"

சொன்னேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது? பிள்ளைகள் பாடும்போது வரிசைக்கு நடுவே நடப்பேன். சுருதி சேராத பிள்ளையின் தோளைப் பென்சிலால் ஒருமுறை தொடுவேன். தொட்டால், அந்தப் பிள்ளை கடைசி வரிசைக்குப் போய் உதட்டை மட்டும் அசைக்க வேண்டும். அடி கிடையாது, திட்டு கிடையாது, ஒரு சொல்கூடக் கிடையாது. இதைவிடக் கண்ணியமாக எப்படிச் செய்ய முடியும்? எங்கள் கான்வென்டில் பாட்டு சிஸ்டர் அப்படித்தான் செய்வார். என் தோளில் ஒருநாளும் பட்டதில்லை.

பின்னாலிருந்து தடியர் எழுந்தார். ஆறடி, அதற்கேற்ற அகலம். ஒரு பெரிய பள்ளியின் பாட்டு வாத்தியார். "எனக்கும் பட்டிருக்கு டீச்சர். எங்க டீச்சர் வெச்சிருந்தது அடிஸ்கேல். நாலாம் வகுப்பு. இன்னைக்கு வரைக்கும் என் பசங்களுக்கு நான் வாயத் தொறந்து பாடிக் காமிச்சதில்ல. எல்லாமே கீபோர்டுலதான்."

"அப்படியானா உங்க டீச்சருக்குக் காது சரியா இருந்திருக்கு" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. தடியர் மட்டும்தான் சிரித்தார்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

கோபம் தணியவில்லை. எல்லோராலும் பாட முடியும் என்பது கேட்க இனிப்பான பொய். எல்லோராலும் கணக்குப் போட முடியுமா? நேராகக் கோடு போட முடியுமா? குட்டைமுடியால் முடியவில்லையே!

நாத்தனாரிடம் சொல்லியிருக்கக் கூடாது. சொன்னேன்.

"அண்ணனுக்கும் பென்சில் வெச்சவங்கதானே நீங்க" என்றாள்.

"உளறாதே."

"கல்யாணமான புதுசுல அவன் சமையக்கட்டுல பாத்திரம் கழுவிக்கிட்டே பாடினான். 'சுருதி சேரலை'ன்னு சொன்னீங்க. அதுக்கப்புறம் அவன் பாடி நான் கேட்டதே இல்ல. ரேடியோவத்தான் திருகுவான்."

சுருதி சேரத்தான் இல்லை. சொன்னேன். அதில் என்ன—

நாளை துணி துவைக்கப் போட வேண்டும்.

ஆகஸ்ட் 10, சனி

ஆய்வுத் தலைப்பு கொடுக்கக் கடைசி நாள். நான் கொடுத்தது: பென்சில் பட்ட ஏழு பிள்ளைகளுக்கு மதிய இடைவேளையில் அரை மணி நேரத் தனிப்பயிற்சி, பன்னிரண்டு வாரம், ஒவ்வொரு வாரமும் ஒலிப்பதிவு. முடிவில் அவர்களால் சுருதி சேர்க்க இயலாது என்று நிறுவுவேன்.

குட்டைமுடி படித்துவிட்டு நிமிர்ந்தார். "முடிவை முதல்லயே எழுதிட்டீங்களே மேடம்."

"எனக்குத் தெரிஞ்சதை எழுதினேன்."

"வேற மாதிரி வந்தா?"

"வந்தா, வேற மாதிரி எழுதுவேன். பொய் எழுத எங்களுக்குச் சொல்லித்தரலை."

கையெழுத்துப் போட்டார். கையெழுத்தும் மேலே ஏறுகிறது.

ஆகஸ்ட் 26, திங்கள்

ஏழு பேரும் வந்தார்கள், சாப்பாட்டு டப்பாவோடு. பாட்டறை மதியம் காலியில்லை. மாடியில் இருக்கும் அரங்கத்தைக் கொடுத்திருக்கிறார்கள். பழைய பியானோவை அங்கேதான் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். பதினொரு வருடத்துக்கு முன்பு, கணினி வைக்க இடம் வேண்டும் என்று பாட்டறையிலிருந்து அதைத் தூக்கிக்கொண்டு போனார்கள். "பியானோ இல்லாம எப்படி டீச்சர் சமாளிப்பீங்க?" என்று அன்று தலைமையாசிரியை கேட்டார். "பியானோ எதுக்கு? நான் இருக்கேன்" என்றேன். எனக்கு வேண்டிய ஸ்வரத்தை எந்த வாத்தியமும் இல்லாமல் தலைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுப்பேன். சிறு வயதிலிருந்தே அப்படி. அதற்காகவே சிஸ்டர் என்னை விருந்தினர் முன்னால் நிறுத்துவார்.

இன்றும் நான்தான் ஸ்வரம் கொடுத்தேன். ஏழு பேரும் திருப்பிக் கொடுத்தது ஏழு விதம். இரண்டு பேர் தொண்டைக்குள் கரகரத்தார்கள். மற்றவர்கள் எங்கெங்கோ தாவினார்கள். தெத்துப்பல் மட்டும் — முன்பல் ஒன்று முண்டியடித்து நிற்கும் நாலாம் வகுப்புக்காரி — சளைக்காமல் கேட்டாள்.

"டீச்சர், நாங்க நல்லாப் பாடினா முன் வரிசைக்குப் போலாமா?"

"பாடினா பாக்கலாம்."

"பாடாம எப்படித் தெரியும்? அங்க நாங்க பாடவே கூடாதே."

வாய் அதிகம்.

செப்டம்பர் 9, திங்கள்

மூன்றாம் வாரம். முன்னேற்றம் இல்லை. நான் சொன்னதுதான் நடக்கிறது.

செப்டம்பர் 18, புதன்

தொண்டை கட்டிவிட்டது. குரல் காற்றாக வருகிறது. பயிற்சியை விடக் கூடாதே என்று பியானோ மூடியைத் திறந்து, வழக்கமாக நான் கொடுக்கும் ஸ்வரத்துக்கான கட்டையை அழுத்தினேன்.

பாடினார்கள்.

ஏழு பேரும் இல்லை. நான்கு பேர். சுத்தமாக. ஊசி குத்தினாற்போல் அந்த இடத்திலேயே வந்து நின்றது. ஐந்தாமவன் கொஞ்சம் தேடிவிட்டு வந்து சேர்ந்தான்.

ஐந்து முறை அழுத்தினேன். ஐந்து முறையும்.

பியானோ என் ஸ்வரத்துக்கு மேலே ஒலிக்கிறது; சுருதி இறங்காமல் ஏறிப்போயிருக்கிறது, வேறொன்றுமில்லை. மரம் காய்ந்திருக்கும்.

செப்டம்பர் 19, வியாழன்

பியானோ சரிசெய்பவரை வரவழைத்தேன். கட்டை கட்டையாகத் தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"சரியாத்தாம்மா இருக்கு. போன லீவுலதான் பண்ணிக் குடுத்தேன்."

"இல்லை, மேலே இருக்கு."

"மேல இல்லம்மா."

"எனக்குக் காது இருக்கு."

"எனக்கும் இருக்கும்மா, ரெண்டு" என்றார். அந்த மனிதரிடம் நான் அப்படிப் பேசியிருக்க வேண்டாம். காபி வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். மன்னிப்புக் கேட்கவில்லை.

செப்டம்பர் 20, வெள்ளி

சிஸ்டர் கொடுத்த இசைக்கவை அலமாரியில் இருக்கிறது. இரண்டு பல் வைத்த இரும்புத் துண்டு. தட்டினால் ஒரே ஒரு ஸ்வரம்தான் தரும், வேறு எதுவும் தெரியாது அதற்கு. தொண்டை இன்று பரவாயில்லை. முதலில் அந்த ஸ்வரத்தை நானே பாடினேன். பிறகு முழங்காலில் தட்டிக் காதருகே பிடித்தேன்.

எங்கோ மேலே ஒலித்தது.

திரும்பத் தட்டினேன். மேசையில் தட்டினேன். துருப்பிடித்துவிட்டதோ என்று துணியால் துடைத்தேன். துரு இல்லை. நாத்தனார் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னாச்சு அண்ணி?"

"இது கெட்டுப்போச்சு."

"நேத்து பியானோ பொய். இன்னைக்கு இந்த இரும்பும் பொய். ஊர்ல நீங்க ஒருத்தங்கதான் அரிச்சந்திரன், இல்ல?"

கதவைச் சாத்திக்கொண்டேன்.

செப்டம்பர் 21, சனி

தடியரிடம் கேட்டேன். வேறு யாரிடமும் கேட்க வாய் வரவில்லை. அவர் போனில் ஒரு கருவி இருக்கிறது. பாடினால் முள் ஆடி, எந்த ஸ்வரம் என்று எழுத்தில் காட்டுகிறது. மதியம், காலி வகுப்பில், நான் பள்ளியில் கொடுக்கும் ஸ்வரத்தைப் பாடினேன். அவர் முள்ளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். போனையே என் கையில் கொடுத்துவிட்டார்.

நான்கு கட்டை கீழே. கறுப்பையும் வெள்ளையையும் சேர்த்து எண்ணி நான்கு கட்டை.

குட்டைமுடியிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை, அதுதான் எனக்கு எரிச்சல். "வயசாக ஆக சில பேருக்கு மனசுல இருக்கற சுருதி இறங்கும் மேடம், குரலும் சேந்து இறங்கும். இறங்கினது அவங்களுக்கே தெரியாது. சின்னப் பிள்ளைங்க குரல் உயரத்துல இருக்கும். அவ்ளோ கீழ வரமுடியாதவங்க கரகரப்பாங்க, இல்லன்னா தாவிடுவாங்க."

"முன்னாடியே தெரியுமா உங்களுக்கு?"

"படத்துல கேட்டேன். சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?"

மாட்டேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

நாற்பது வருட வகுப்பு நோட்டுகளும் பரண் பெட்டியில் இருக்கின்றன. பென்சில் பட்ட பிள்ளைகளின் பெயருக்கு நேராகப் புள்ளி வைத்திருப்பேன். எல்லாவற்றையும் இறக்கிச் சாப்பாட்டு மேசையில் பரப்பினேன். நாத்தனார் படிக்கப் படிக்க நான் எழுதினேன்.

பியானோ பாட்டறையில் இருந்த கடைசி ஐந்து வருடங்கள்: இரண்டு, மூன்று, இரண்டு, ஒன்று, மூன்று.

பியானோ மாடிக்குப் போன பிறகு: மூன்று. நான்கு. நான்கு. ஐந்து. ஐந்து. ஆறு. ஏழு. ஏழு. எட்டு. ஏழு. ஏழு.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் காது இல்லை, எந்நேரமும் திரையைப் பார்க்கின்றன, தாய்மார்கள் தாலாட்டுவதில்லை என்று ஆசிரியர் கூட்டத்தில் நானே எத்தனை முறை பேசியிருக்கிறேன்! எல்லோரும் தலையாட்டினார்கள். நான்தான் வருடத்துக்குக் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தேன். இறங்கி, என் பின்னாலேயே இறங்கி வர முடியாத பிள்ளைகளின் தோளைத் தொட்டுக்கொண்டிருந்தேன்.

அறுபத்துமூன்று பேர்.

நாத்தனார் கேலி செய்வாள் என்று காத்திருந்தேன். நோட்டுகளை வருட வாரியாக அடுக்கிவிட்டு, என் கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தாள்.

அதற்கு முன்னால் இருந்த ஒன்று, இரண்டு, மூன்றுகள்? அப்போது பியானோ இருந்தது, என் காதும் இருந்தது. அவர்களுக்குச் சொல்ல என்னிடம் சாக்குக்கூட இல்லை. சமையக்கட்டில் நான் பாட்டை நிறுத்திய இவருக்கும்.

அக்டோபர் 1, செவ்வாய்

மருந்துக்கடையில் பில் போடும் பெண் நான் புள்ளி வைத்த பிள்ளைகளில் ஒருத்தி. பத்து வருடத்துக்கு முந்தைய நோட்டு. பின்னால் ஆள் நின்றாலும் நகராமல் சொன்னேன்: "உன் குரல்ல தப்பு இருந்ததில்லை. தப்பான இடத்துல ஆரம்பிச்சது நான்."

"என்ன டீச்சர், எதுக்கு?" என்று விழித்தாள். புரிந்ததும் சிரித்தாள். "ஐயோ அதுவா! அத விடுங்க டீச்சர். என் பாப்பாவத் தூங்க வைக்கக்கூட போன்லதான் பாட்டுப் போடுவேன். நான் பாடினா அது கெட்டுப்போயிரும்னு."

விளையாட்டாகத்தான் சொன்னாள். மாத்திரையை வாங்க மறந்து வந்துவிட்டேன்.

நவம்பர் 15, வெள்ளி

பன்னிரண்டு வாரம் முடிந்தது. பியானோவில் ஸ்வரம் கொடுத்த பிறகு ஏழு பேரில் ஆறு பேர் சுருதி சேர்க்கிறார்கள். தெத்துப்பல் குரல் என்ன குரல்! அரங்கத்தின் கடைசி நாற்காலிவரை போகிறது. அதை நான் ஒரு வருடம் வாயடைத்து வைத்திருந்தேன்.

ஏழாமவன் இன்னும் தடுமாறுகிறான். அவனைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால் ஆய்வு அழகாக இருக்கும். எடுக்க மாட்டேன். அவன் தடுமாறிக்கொண்டே பாடுகிறான். இன்று முழுப் பாட்டையும் பாடினான். சந்தோஷமாகவும் பாடினான். அவனுக்குப் பென்சில் என்ன செய்திருக்கும் என்பதையும் எழுதுவேன்.

ஜனவரி 22, புதன்

எழுதிய ஆய்வைப் பள்ளி முத்திரைக்காகக் கொடுத்திருந்தேன். தலைமையாசிரியை கதவைச் சாத்தச் சொன்னார்.

"டீச்சர், இதை இப்படியே குடுக்க முடியாது. பேரன்ட்ஸ் கேப்பாங்க. அறுபத்துமூணு பேர்னு எழுதியிருக்கீங்க!"

"எண்ணிப் பாத்தேன். அறுபத்துமூணுதான்."

"சரி, 'நான்'னு ஏன் எழுதணும்? 'ஒரு ஆசிரியை'ன்னு எழுதுங்க. இல்லன்னா 'தோள் தொடப்பட்டது'ன்னு முடிச்சிருங்க."

"யாரால?"

அவர் நெற்றியைத் தேய்த்தார். கெட்டவர் இல்லை, பயந்தவர். "உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். காது போச்சுன்னு நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டா, அடுத்த வருஷம் நான் எதை வெச்சு உங்களுக்குப் பாட்டு வகுப்பு குடுப்பேன்? பட்டம் கைக்கு வந்தும் பிரயோஜனம் இல்லாமப் போயிடும்."

"காது போகலை. இறங்கியிருக்கு. எவ்வளவுன்னும் தெரியும். நாலு கட்டை. பியானோவைக் கீழே இறக்குங்க, அது போதும்."

"இந்த ஒரு பக்கத்தை எடுத்துட்டா இன்னைக்கே முத்திரை வெச்சிடறேன்."

"அந்தப் பக்கம்தான் ஆய்வு. மீதியெல்லாம் அட்டை."

முத்திரை வைக்காமலே தாள்களை எடுத்துக்கொண்டு வந்தேன்.

ஜனவரி 23, வியாழன்

யோசித்தேன். ஒரு பக்கம்தானே? எடுத்துவிட்டால் பட்டமும் உண்டு, வகுப்பும் உண்டு. வேறு யாருக்குத் தெரியப்போகிறது?

எனக்கு எப்போதிருந்து இப்படியெல்லாம் கேட்கத் தோன்றுகிறது!

முத்திரைக்குப் பதிலாக என் சொந்தப் பொறுப்புக் கடிதம் வைத்தால் பல்கலைக்கழகம் ஏற்குமா என்று குட்டைமுடியைக் கேட்டேன். விதிமுறைப் புத்தகத்தை முழுக்கப் புரட்டி, ஏற்கும் என்றார். "வேலை போனா?" என்றார். "போனா, எதுக்காகப் போச்சுன்னு எழுத்துல இருக்கும்" என்றேன்.

மார்ச் 8, சனி

வாய்மொழித் தேர்வு. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கோட்டுப் போட்ட கனவான், புருவத்தாலேயே பேசுகிறார். கடைசியில்தான் கேட்டார்: "கேக்கற திறன் குறைஞ்சிருக்குன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க. அப்புறம் உங்ககிட்ட ஏன் பிள்ளைகளை ஒப்படைக்கணும்?"

"என் தப்பு எத்தனை கட்டைன்னு எனக்குத் தெரியும் சார். தன்னுடையது தெரியாம இன்னைக்கு எத்தனை பேர் வகுப்புல நிக்கிறாங்க? முதல்ல அவங்களைக் கேளுங்க. நீங்க கடைசியா எப்ப அளந்து பாத்தீங்க?"

குட்டைமுடி குனிந்து தாளைச் சரிசெய்தார். தோள் குலுங்கியது. கனவான் தொண்டையைச் செருமினார்.

வெளியே தடியர் நின்றிருந்தார், அடுத்து அவர் முறை. சட்டை முழுக்க வேர்வை. "டீச்சர், உள்ள பாடிக் காட்டச் சொல்வாங்களா?"

"சொன்னா பாடுங்க."

"என் குரல்லயா?"

"வேற யார் குரல் வெச்சிருக்கீங்க?"

கதவுக்கு வெளியே கேட்டுக்கொண்டு நின்றேன். பாடச் சொல்லவில்லை. அவராகவே பாடினார். கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே. இரண்டு வரி முழுசாக.

ஏப்ரல் 30, புதன்

தேர்ச்சி. முதல் வகுப்பு. நாத்தனார் சான்றிதழைச் சட்டம் போடத் தூக்கிக்கொண்டு போனாள். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று நான் இன்னும் பார்க்கவே இல்லை.

பள்ளியிலிருந்து ஒன்றும் வரவில்லை.

மே 24, சனி

இன்னும் ஒன்றும் வரவில்லை. கேட்டுப் போக மாட்டேன்.

ஜூன் 9, திங்கள்

ஏழே முக்காலுக்கே போய்விட்டேன். கடிதம் வந்தது போன புதன்தான். ஒரு வருடத்துக்கு, பாட்டு வகுப்பு. அடியில் தலைமையாசிரியையின் கையெழுத்து. பாட்டறையைத் திறந்தால் கணினி மேசைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு பியானோ நின்றுகொண்டிருந்தது. நாலு பேர் மாடியிலிருந்து இறக்கியபோது ஒரு காலில் சிராய்ப்பு. பரவாயில்லை.

நாற்பத்திரண்டு பிள்ளைகள். வருகைப் பதிவுக்குப் பென்சிலைப் பயன்படுத்தினேன்.

தெத்துப்பல் போய்க் கட்டையை அழுத்தி, ஸ்வரத்தை வாங்கி, எல்லோருக்கும் கொடுத்தாள். நான் கடைசி வரிசைக்குப் போய் நின்றேன். என் குரல் அவர்களைக் கீழே இழுத்துவிடக் கூடாதே, உதட்டை மட்டும் அசைத்தால் போதும் என்றுதான். ஏழாமவன் பக்கத்தில் நின்றான். இரண்டு வரிவரைக்கும் விட்டான். பிறகு முழங்கையால் இடித்து, பாட்டுக்கு நடுவிலேயே சொன்னான்:

"சத்தம் வரல டீச்சர்."

வந்தது.